பச்சை அங்கியின் கையோரம்

விதாத் ஐந்து பேரிடம் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் படத்தை இணையதளத்தின் முகப்பில் வைத்தாள். ஐவரில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. மாலை வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் அனஸ், "சோஃபா உறையா?" என்றான். அவனுக்குப் பின்னால் இருந்தவன் பில்லியர்ட்ஸ் மேசை என்று சத்தியம் செய்தான். அவளுடைய தம்பி திரைச்சீலை என்றான். பகலில் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக்கடையின் முதலாளியும், மாடிவீட்டு டாக்ஸிக்காரரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அதற்குப் பிறகுதான் விதாத்துக்கு மூச்சு சீராக வந்தது. எதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்காமல் செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. சரிபார்த்த பிறகும் சந்தேகம் போகாது என்பது வேறு விஷயம்.

மெக்னெஸ் நகரின் புதிய பகுதியான ஹம்ரிய்யாவில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே நடக்கும் வடிவமைப்பு வகுப்பு அது. அந்தப் பருவத்தின் வேலை இதுதான்: கணினி நிரல் ஒரு வரிகூட எழுதாமல், இழுத்துப்போட்டுக் கட்டும் கருவிகளை மட்டும் வைத்து, உண்மையான ஒரு தொழிலுக்கு உண்மையான ஓர் இணையதளம் செய்ய வேண்டும். வியாழக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் திறந்து காட்ட வேண்டும். மற்றவர்கள் உடற்பயிற்சிக்கூடம், காபிக்கடை என்று எடுத்துக்கொண்டார்கள். விதாத் எடுத்துக்கொண்டது, ஊரே மரியாதையாக 'லல்லா' என்று அழைக்கும் பதூலை.

லல்லா பதூல் ஒரு நெகாஃபா. கல்யாண நாளில் மணப்பெண்ணுக்கு அங்கி மாற்றி, நகை பூட்டி, கூடத்துக்குள் அழைத்து வருகிறவள். அங்கிகளும் அவளுடையவை, வாடகைக்குத் தருவாள். பழைய நகரத்தில் அவள் வீட்டு மாடியில் இரண்டு அறை நிறைய அவைதான். ஆனால் இப்போது பெண்கள் எல்லாவற்றையும் தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுப் படியேறுகிறார்கள். பதூலைத் தேடினால் கிடைப்பது அதே பெயரில் டயர் விற்கும் ஒரு கடை.

"டயர்க்காரிய முந்திக் காட்டு, அது போதும்" என்றுதான் அவள் விதாத்திடம் பொறுப்பை ஒப்படைத்தாள்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஒவ்வொரு கோடைக்கும் அவள் ஓர் அங்கியைப் புதிதாகத் தைப்பிப்பாள். அதை முதன்முதலில் உடுத்தும் பெண் அந்த அங்கியை "திறக்கிறாள்" என்பார்கள். அவள் கூடத்துக்குள் நுழையும்வரை வேறு ஒரு கண்ணும் அதைப் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் கூடுதல் வாடகை, அதற்குத்தான் பெருமை. இந்த வருடத்து அங்கியைத் திறக்கப்போகிறவள் கௌஸர். சனிக்கிழமை கல்யாணம். அங்கி வெள்ளைத்துணி சுற்றி அலமாரியில் தொங்கியது.

"அதைத் தவிர எல்லாத்தையும் படம் எடுத்துக்கோ" என்றாள் பதூல்.

விதாத் எடுத்தாள். ஆனால் மணப்பெண்கள் முகம் தெரிகிற படங்களைப் போட எந்தக் குடும்பமும் ஒத்துக்கொள்ளாது. வெறும் அங்கிகளை மாட்டி எடுத்தால், மங்கலான அந்த அறையில் அவை வரிசையாகத் தொங்கவிட்ட நீளமான பைகளைப் போல இருந்தன. கருவிகளும் தங்கள் பங்குக்குப் படுத்தின. முதல் கருவியில் அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோக்காமல் முறைத்துக்கொண்டு தனித்தனியாக நின்றன. இரண்டாவதில் எழுத்து சரியாக இருந்தது. தொலைபேசியில் திறந்தால் படங்கள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. மூன்றாவது கருவிதான் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் அதன் டெம்ப்ளேட்டில் முகப்பு முழுக்க அகலமாக ஒரே ஒரு படம் கேட்டது. அந்தப் படத்தின் மூலையில் "புதியது" என்று ஒரு ரிப்பன் வேறு. அதை எப்படி அகற்றுவது என்று தெரியாமல் "இந்தப் பருவத்தின் புது வரவு" என்று மொழிமாற்றி விட்டுவிட்டாள்.

அகலமான அந்த இடத்துக்குப் பொருந்திய படம் ஒன்றே ஒன்றுதான் அவளிடம் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைத்துணிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த பச்சைப் பட்டின் கையோரம். ஒரு விரல் நீளம்தான். அதைப் படமெடுக்கும் முன் கேட்கவும் கேட்டாள்: "இந்த ஓரம் மட்டும், லல்லா?" அப்போது பதூல் மேளக்காரர்களோடு தொலைபேசியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், கையை ஒரு வீசு வீசினாள். அது சம்மதம் என்று விதாத் எடுத்துக்கொண்டாள். பிறகு ஐந்து பேர், சோஃபா, திரைச்சீலை எல்லாம் ஆயிற்று. திங்கட்கிழமை மாலை "பப்ளிஷ்" பொத்தானை அழுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் பதூல் அழைத்தாள்.

"கடையில கூட்டமா இருக்கா, மகளே?"

"இல்ல லல்லா."

"அப்போ முதல்ல உட்காரு."

விதாத் உட்கார்ந்தாள்.

"கௌஸரோட சித்தி மக ஹிந்த் இருக்காளே, பட்டு முடிச்சுப் பொத்தான் கட்டுறவ. அவ உன் வெப்சைட்டைப் பார்த்திருக்கா. பார்த்ததும் குடும்ப வாட்ஸப்புல போட்டுட்டா. இந்தப் பச்சை இந்த வருஷம் ஒரு கல்யாணத்துலயும் வரல, இந்த முடிச்சு புது முடிச்சு, அப்போ இது நம்ம கௌஸருக்குத்தான்னு. நாப்பது பொம்பளைங்க அதுல இருக்காங்க. எல்லாரும் வாழ்த்துச் சொல்லியாச்சு."

"ஒரு விரல் நீளம்தானே லல்லா… அஞ்சு பேர்கிட்ட காட்டினேனே. ஒருத்தருக்கும் தெரியல."

"யார் அந்த அஞ்சு பேரு?"

விதாத் சொன்னாள்.

"அஞ்சும் ஆம்பளைங்களா?"

"ஆமா."

"மீசைக்காரனைக் கூட்டிட்டுவந்து அங்கியைக் காட்டினா அவன் சோஃபான்னுதான் சொல்வான். சோஃபாவைக் காட்டினா அங்கின்னு சொல்வான்." பதூல் பெருமூச்சு விட்டாள். "கௌஸரோட அம்மா கத்தித் தீர்த்துட்டாங்க. பார்த்தாச்சுன்னா அப்புறம் திறக்க என்ன இருக்குன்னு கேக்குறாங்க. கௌஸர் நாளைக்கு அஸர் தொழுகைக்கு அப்புறம் வந்து, வேணுமா வேண்டாமான்னு சொல்லுவா. அவ வேண்டாம்னுட்டா வேற யாரு எடுப்பா? ஒருத்தி ஒதுக்கின அங்கிய இன்னொருத்தி திறக்கமாட்டா. இந்தக் குளிர்காலம் முழுக்க நான் போட்ட காசெல்லாம் அந்த அங்கியிலதான்."

திட்டியிருந்தால் தேவலை. பதூல் திட்டவில்லை. அதுதான் விதாத்தை அறுத்தது.

அவள் உடனே அனஸை அழைத்து விஷயத்தைச் சொன்னாள். "படத்தை எடுத்துடட்டுமா?"

"எடுத்தா என்ன ஆகும், தெரியுமா? நேத்து இருந்தது, இன்னைக்கு இல்ல. அப்போ அது கௌஸரோடதுதான்னு நீயே முத்திரை குத்தின மாதிரி."

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா நாப்பது பேரு நானூறு பேராவாங்க. அம்மா தாயே, நல்லவேளை நான் உடற்பயிற்சிக்கூடம் எடுத்தேன். அங்க எல்லாத்தையும் காட்டத்தான் வர்றாங்க."

சாயங்காலம் வகுப்புக்குப் போகாமல் விதாத் பதூல் வீட்டுக்குப் போனாள். பதூல் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்து அங்கிகளின் இடைப்பட்டைகளைத் துடைத்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை விட்டுவிட்டு விதாத் மன்னிப்புக் கேட்டாள். தனக்கு இந்த வேலை வராது, கண்ணாடி துடைப்பதோடு நிறுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று மனசு ஒருபக்கம் அரித்துக்கொண்டே இருந்தது. இன்னொருபக்கம், பழக்கதோஷம், எங்கே தப்பியது என்று படிப்படியாகப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தது. படம் சரி. அளவு சரி. கேட்ட ஆள்தான் தவறு. இந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு விரல் நீளமே போதும். மீதி அங்கியை அவர்களே மனசுக்குள் தைத்துக்கொள்வார்கள்.

"இந்தப் பச்சையை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க, லல்லா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

பதூல் எழுந்து போய், உப்பிய ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். துண்டுத் துணிகள். ஒவ்வொன்றும் கைக்குட்டை அளவு. ஒவ்வொன்றிலும் ஓரப்பின்னல், பட்டுப் பொத்தான், சரிகை. மாதுளை நிறம், பாதாம் நிறம், மழைமேகம் மாதிரி ஒரு நீலம், காய்ந்த ரோஜா.

"தைக்கிற மாஸ்டர் ஒவ்வொரு வருஷமும் இத்தனை மாதிரி செஞ்சு காட்டுவார். நான் ஒண்ணைப் பிடிப்பேன். மத்ததெல்லாம் இதுக்குள்ள போயிடும்."

"இதுல எதாவது ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கா?"

"துண்டை எப்படி உடுத்திட்டுப் போறது?"

விதாத் மாதுளை நிறத்தைக் கையில் எடுத்தாள். புரட்டினாள். பாதாம் நிறத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். தேநீர் ஆறிப்போயிற்று.

"லல்லா, ஹிந்த்துக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு கையோரம். அதனாலதான் அது கௌஸரோடதுன்னு ஆச்சு. இருபது கையோரம் இருந்தா?"

பதூல் துடைப்பதை நிறுத்தினாள்.

"எல்லாம் புதுசு. எல்லாம் யாரும் பார்க்காதது. அதுல பச்சையும் ஒண்ணு."

"இதெல்லாம் அங்கி இல்லையேடி. பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?" என்றாள் பதூல். பிறகு தானே யோசித்து, "இல்ல. ஒருத்தி வந்து இதுதான் வேணும்னு கேட்டா தைச்சுக் கொடுக்கமாட்டேனா என்ன? கொடுப்பேன். அப்போ பொய் எங்கே?" என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை வெயில் ஜன்னலுக்கு வந்ததும் விதாத் எல்லாத் துண்டுகளையும் ஒரே மாதிரி மடித்து, ஒரே கோணத்தில் படமெடுத்தாள். பிறகு கண்ணாடிக்கடைக்கு ஓடினாள். இந்த முறை அவள் யாரிடம் காட்டுவது என்று குழம்பவில்லை.

கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணாடி போட்டுப் பார்க்க ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். எழுத்து அட்டையை நீட்டுவதற்குப் பதில் விதாத் தொலைபேசியை நீட்டினாள்.

"இதைப் பார்த்துச் சொல்லுங்கம்மா, தெளிவா தெரியுதா?"

"தெளிவா தெரியுது. யார் கல்யாணம் இது?" என்றாள் தாய். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஏற்றி, மறுபடி பார்த்தாள். "எங்கேயும் பார்த்த ஞாபகம் இல்லையே. இதெல்லாம் எந்த நெகாஃபா வீட்டுது?"

"இதுல எதை இந்த வாரம் ஒரு மணப்பொண்ணு திறக்கப்போறா, சொல்லுங்க பார்ப்போம்."

"மாதுளை" என்றாள் தாய் ஒரு நொடிகூடத் தயங்காமல்.

"மாதுளையா? போம்மா. நீலம்தான். இப்போ எல்லாரும் நீலம்தான் கேக்குறாங்க."

"உனக்கு நீலம்தான் தெரியும். உன் கல்யாணத்துலயே நீலத்தைப் போட்டுக்கிட்டு நீ சிலிண்டர் மாதிரி நின்னே."

"அம்மா!"

"இது மட்டும் அங்கி இல்ல" என்றாள் தாய் திடீரென்று, காய்ந்த ரோஜாவைத் தட்டி. "நூல் பிரிஞ்சு நிக்குது, பாரு. இது வெறும் துண்டு."

விதாத்துக்குப் பகீரென்றது, உடனே சந்தோஷமும் வந்தது. இதைச் சொல்ல ஐந்து ஆண்களால் முடிந்திருக்குமா? அவர்கள் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனதும், கல்லாவுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து எல்லாப் படங்களின் ஓரத்தையும் இன்னும் உள்ளே தள்ளி வெட்டினாள். அடுத்து வந்த பள்ளி ஆசிரியை பாதாம் நிறம் என்றாள். அதற்கடுத்து வந்தவள் பச்சை என்று சொல்லி, இல்லை இல்லை, மாதுளை என்று மாற்றிக்கொண்டாள். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சொல்லவில்லை.

மதிய இடைவேளையில் கருவியைத் திறந்தாள். முகப்பில் இருந்த அகலமான படத்தை நீக்கியதும் அந்த ரிப்பனும் கூடவே போய்விட்டது. அது இணையப் பக்கத்தில் ஒட்டியிருக்கவில்லை, படத்தில்தான் ஒட்டியிருந்திருக்கிறது. இரண்டு வாரமாக அதனோடு மல்லுக்கட்டியதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் சின்னச் சின்னச் சதுரங்களாகக் கையோரங்களை அடுக்கினாள். பச்சையை எங்கே வைப்பது என்றுதான் நீண்ட நேரம் தடுமாறினாள். கடைசியில் வைத்தால் ஒளித்ததாகத் தெரியும். முதலில் வைத்தால் நேற்றைய கதைதான். மழைமேக நீலத்துக்கும் பாதாமுக்கும் நடுவே, ஒன்றும் விசேஷமில்லாத ஓர் இடத்தில் வைத்தாள். கீழே எழுத வேண்டிய வரியை பதூல் குரல்செய்தியில் அனுப்பியிருந்தாள். அதை அப்படியே தட்டச்சு செய்தாள்: "பிடித்ததைக் கேளுங்கள், தைத்துத் தருவோம். எது யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்."

பப்ளிஷ் பொத்தானின் மேல் விரல் நின்றது. திங்கட்கிழமை அது நின்றதே இல்லை. பிறகு அழுத்தினாள்.

அஸருக்குப் பிறகு கௌஸர் தன் தாய் ஹாஜா மலிகாவோடு வந்தாள். முதலாளியிடம் கெஞ்சி விடுப்பு வாங்கிக்கொண்டு விதாத்தும் வந்திருந்தாள்; தப்பு செய்தவள் அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் இருப்பது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. கதவோரமாக நின்றாள்.

ஹாஜா மலிகா உட்காரவில்லை. "வெள்ளைத்துணியில சுத்தி வைக்கிறது எதுக்கு, லல்லா பதூல்? பிள்ளைங்க விளையாட்டுக்கா? என் மக கூடத்துக்குள்ள வரும்போது எல்லாரும் 'ஆமா, பார்த்தோம்'னு சொல்லணுமா?"

"நியாயம்தான், ஹாஜா" என்றாள் பதூல்.

"நான்தான் செஞ்சேன், ஹாஜா" என்றாள் விதாத். "லல்லா பதூல் அதைத் தொடாதேன்னுதான் சொன்னாங்க."

ஹாஜா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாரு பிள்ளை? டிசைன் படிக்கிறவளா? படிப்பு முடியறதுக்குள்ள இன்னும் எத்தனை கல்யாணத்தைக் கெடுப்பே?"

கௌஸர் இதுவரை வாய் திறக்கவில்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிற, ஒல்லியான, அளந்து பேசுகிற பெண். தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் லேசாகக் குலுங்குவதைக் கண்டு, அழுகிறாள் என்று நினைத்து விதாத் தரையைப் பார்த்தாள்.

"உம்மா, இதைக் கேளுங்க" என்றாள் கௌஸர். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். குடும்ப வாட்ஸப்பில் வந்த குரல்செய்தி ஒன்றை உரக்கப் போட்டாள். ஹிந்த்தின் குரல்:

"பொண்ணுங்களா, நேத்து நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்! அந்தப் பச்சை சும்மா கண்ணைத் திருப்பப் போட்டது. லல்லா பதூல் அவ்வளவு ஏமாளியா? மாதுளையைப் பாருங்க, அந்த முடிச்சைப் பாருங்க. அதுதான் கௌஸருக்கு. என் கைத்தொழில் மேல சத்தியம்!"

அடுத்தது யாரோ ஓர் அத்தை: "மாதுளையா? கௌஸர் நிறத்துக்கு மாதுளையை எவ கொடுப்பா? பாதாம்தான்." அதற்குப் பின்னால் மூன்றாவது ஒருத்தி, "நீலத்துக்கு நான் ஒரு தட்டு இனிப்பு பந்தயம்" என்றாள். அதற்கு மேல் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஹாஜா மலிகா தன்னையறியாமல் திண்டில் உட்கார்ந்தாள். "பாதாம்னு சொன்னது யாரு, ஸஃபிய்யாவா? அவளுக்கு என்ன தெரியும்! பாதாம் போட்டா என் மக மாவு பிசைஞ்சு வச்ச மாதிரி இருப்பா."

"உங்ககிட்டயும் கேட்டாங்க, உம்மா. பாருங்க, பதினொரு செய்தி. என்ன சொல்லப்போறீங்க?"

ஹாஜா யோசித்தாள். முகத்தில் கோபத்தின் மிச்சம் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே வேறு ஏதோ ஒன்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நாற்பது பெண்களுக்குத் தெரியாத ஒன்று தனக்கு மட்டும் தெரியும் என்கிற சுகம் அது.

"நான் ஏன் சொல்லணும்?" என்றாள்.

கௌஸர் அலமாரிக்குப் போனாள். வெள்ளைத்துணியைக் கழுத்தோரமாகக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்த்தாள். யாரும் எட்டிப் பார்க்காதபடி உடனே மூடினாள்.

"இதையேதான் திறக்கிறேன், லல்லா" என்றாள். பிறகு விதாத்தைப் பார்த்து, "அந்தப் பச்சையை எடுத்துடாதே. எடுத்தா எல்லாம் கெட்டுப்போகும். நீலத்தை வேணும்னா ஓர் இடம் முன்னால தள்ளு. பாதாம்னு சொன்ன ஸஃபிய்யா அத்தைக்குத் தூக்கம் வராது."

விதாத் அங்கேயே நின்றபடி நீலத்தை இழுத்து முன்னால் போட்டாள். பதூல் சமையலறைக்குள் போனாள். அங்கே அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு தேநீர்க் கோப்பைகளின் சத்தம்.

வியாழக்கிழமை வகுப்பில் ஆசிரியர் விதாத்தின் இணையதளத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். மேலிருந்து கீழே ஓட்டினார். மறுபடி மேலே போனார்.

"அங்கிகள் எங்கே? வாடகைக்குத் தர்றவங்க முழு அங்கி ஒண்ணையாவது காட்ட வேண்டாமா? விற்கிற பொருளைக் காட்டணும், இது பாலபாடம்."

விதாத் பதில் தயாரித்துத்தான் வைத்திருந்தாள். எழுந்து நின்றதும் அதில் பாதி மறந்துபோயிற்று. "முழுசாப் பார்த்துட்டா, சார், யாரும் வரமாட்டாங்க. வர்றவங்களுக்குத்தான் மீதி" என்று மட்டும் சொன்னாள். தான் சொன்னது சரியா என்ற சந்தேகம் சொல்லி முடிப்பதற்குள்ளேயே வந்துவிட்டது.

ஆசிரியர் தாடையைச் சொறிந்தார். அதற்குள் வாசலில் கட்டண ரசீதுகளோடு வந்து நின்ற அலுவலகப் பெண் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், ஒரு நிமிஷம், அந்த மாதுளையைப் பெரிசாக்குங்களேன். இது எங்க கிடைக்கும்?"

வகுப்பு சிரித்தது. "சார், அதைத்தான் நான் பில்லியர்ட்ஸ் மேசைன்னு சொன்னேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, அனஸ், "அது பச்சைடா மடையா" என்றான். ஆசிரியர் மாதுளையைப் பெரிதாக்கினார். மதிப்பெண் என்னவென்று அடுத்த வாரம்தான் சொல்வார். விதாத் உட்கார்ந்தபோது தொலைபேசி அதிர்ந்தது. பதூல். வெளியே வராந்தாவுக்குப் போய் எடுத்தாள்.

"மகளே, ஃபெஸ் ஊர்லருந்து ஒருத்தி பேசினா. எனக்கு அவளைத் தெரியவே தெரியாது. வெப்சைட்டுல பார்த்தாளாம். இலையுதிர்காலத்துல கல்யாணமாம். பாதாம் நிறத்தை அவதான் திறக்கணுமாம், வேற யாருக்கும் கொடுத்துடாதீங்கன்னு கெஞ்சுறா."

"என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? அது இன்னும் கைக்குட்டை அளவுதானே இருக்கு! மாஸ்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னேன். மீதி எப்படி இருக்கும்னு தொணதொணன்னு கேக்குறா. அந்தத் துண்டை முழுசாப் படம் எடுத்து அனுப்பட்டுமா?"

"வேண்டாம் லல்லா" என்றாள் விதாத், தனக்கே ஆச்சரியமாக, ஒரு கணம்கூடத் தயங்காமல். "நேர்ல வரச் சொல்லுங்க."